உறுமல் நீட்டிய மைக்

சிங்கப்பூரிலேயே மிக மெதுவாகப் பேசுகிற மனிதர் யார் என்று கேட்டால், தயங்காமல் உறுமலைத்தான் சொல்வேன். தெம்பனிஸில் எங்கள் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் காலையில் சொன்ன ‘குட் மார்னிங்’ நம் காதுக்கு வந்து சேர மதியமாகும்.

வார இறுதிகளில் அவர் மெட்டல்கோர் என்கிற இரைச்சல் இசைக்குழு ஒன்றில் பாடகர். பாடகர் என்பது அவருடைய சொல். கிட்டார்கள் இடிக்க, டிரம்ஸ் குடலைக் கலக்க, நடுவில் நின்று அடித்தொண்டையில் கதறுவார். ஒருநாள் மதிய இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டில் பயிற்சி செய்திருக்கிறார். யாருக்கோ மாரடைப்பு என்று காவலாளி முதலுதவிப் பெட்டியோடு மாடி மாடியாக ஏறி ஓடிவந்தார். உறுமல் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். காவலாளிக்கு அது கேட்கவில்லை. அன்று விழுந்த பெயர்தான் உறுமல்.

என் தம்பி திடீரென்று இறந்துபோனான். வேலைக்குத் திரும்பிய பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். உறுமல் மட்டும் மேசையருகே வந்து நின்றார்.

“அக்கா, நீங்க இன்னும் அழவே இல்லயா?”

“வரல.”

“சனிக்கிழமை எங்க பிராக்டிஸுக்கு வாங்க லா. சும்மா உக்காந்திருங்க.”

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியறை. காதில் பஞ்சோடு போனேன். கறுப்புச் சட்டை போட்ட குழுக்காரர்கள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சோயா பால் பாக்கெட் கொடுத்தார்கள். பிறகு உலகம் இடிந்து விழுந்தது. தன் அம்மா இறந்ததைப் பற்றி உறுமல் எழுதிய பாட்டாம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பாதியில் கிட்டார்கள் அடங்க, உறுமல் என் பஞ்சை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு மைக்கை நீட்டினார். நான் திருதிருவென்று விழித்தேன்.

“பாட வேணாம்க்கா. தம்பிய பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். முதலில் பேச்சாகத்தான் வந்தது. அடுத்தது கத்தலாக. அதற்குப் பிறகு என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கண்ணீர் கழுத்துவரை வழிந்தது, டிரம்ஸ்காரர் நிறுத்தாமல் கூடவே அடித்துக்கொண்டிருந்தார். உறுமல் குனிந்து, “வயித்துலேருந்து கத்துங்கக்கா, தொண்டை போயிடும்” என்று திருத்தினார். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இப்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் எங்கே வாசித்தாலும் போகிறேன். கூட்டத்தில் நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். அந்த இசை இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அவர் கதற ஆரம்பித்ததும், யாராவது இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுங்களேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.