உள்ளபடி கிராணிக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம்

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் காலத்தில் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்க வேண்டுமென்றால் மந்திரவாதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. உள்ளபடி கிராணியிடம் அவருக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆங்கிலமும் மலாயும் தண்ணீர் மாதிரி வரும், வீட்டில் தட்டச்சு இயந்திரம் இருந்தது, காசு வாங்க மாட்டார். அதனால் வேலைக்கு, வீட்டுக்கு, வங்கிக்கு என்று கடிதம் தேவைப்பட்டவர்கள் அவர் வாசலுக்குத்தான் போனார்கள். யார் கேட்டாலும் "உள்ளபடி எழுதித் தாறன்" என்பார். கேட்டவருக்கு அது பணிவாகப் படும். உண்மையில் அது எச்சரிக்கை. தன் கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் எழுத மாட்டார், பார்த்த ஒன்றை விடவும் மாட்டார்.

எங்கள் சந்தில் ஒரு பையன் வங்கி வேலைக்காகக் கடிதம் கேட்டான். "இவரை நான்கு வருடமாக எனக்குத் தெரியும். காலை வேளையில் ஒரு நாளும் கண்டதில்லை" என்று எழுதிக் கொடுத்தார். கோயில் செயலாளர் கடை பிடிப்பதற்குக் கேட்டபோது, "வாடகை கொடுப்பார், கேட்டால்" என்று எழுதினார். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு காஜாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குடும்பம் எப்படி என்று இவரைக் கேட்டு எழுதியிருந்தார்கள். "பெண் நல்ல குணம். தாயார் பேசத் தொடங்கினால் நீங்கள் திரும்பிப் போகிற ரயில் தவறும்" என்று பதில் போட்டார். அந்தத் தாயார் அன்றிலிருந்து இவரோடு பேசுவதில்லை. அதில் இவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் அவருக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர்தான். மசாலா அரைத்து, பொட்டலம் கட்டி, கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். ஒரு தடவை, பெரிய கம்பெனியில் சேரக் கிராணியாரிடம் கடிதம் கேட்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். எனக்கு யாரிடமும் போய் நின்று கேட்கிற பழக்கம் இல்லை. அதோடு இவர் லோரியைச் சந்துக்குள் திருப்புகிற அழகைக் கிராணியார் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற கையோடு அக்காவைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். அங்கே கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார். தலை முழுக்க நரைத்த பிறகு முதல் கல்யாணம். சந்தே கூடி நின்று பெண் எப்படி என்று கேட்டது.

"கணக்கு நல்லா வரும்" என்றார்.

சில மாதம் கழித்து அந்த அம்மாவும் வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். படுத்த படுக்கையாய்க் கிடந்த தகப்பனை அவர் கண் மூடும் வரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போய்விட்டது. நாங்கள் டீச்சரம்மா என்று கூப்பிட்டோம். வந்தது சுற்றுலா விசாவில். அது முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டு, நிரந்தரமாகத் தங்குவதற்கு, அதாவது சிவப்பு ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கு, மனுப் போட்டிருந்தார்கள்.

அங்கேதான் சிக்கல். குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு மலாய்க்கார அம்மா அதிகாரி. அவர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருடம் தனியாக இருந்த ஆள் இந்த வயதில் ஏன் கட்டினார்? மனைவி என்று பெயர் சொல்லி, வீட்டில் சமைத்துப் போட வேலைக்காரி கொண்டுவந்திருக்கிறாரோ? அப்படியும் அப்போது சிலர் செய்துகொண்டிருந்தார்கள், அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. உறவில்லாத ஒருவர், குடியுரிமை உள்ளவர், பக்கத்தில் இருந்து பார்த்தவர், இது உண்மையான குடும்பம்தான் என்று ஓர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும், அவரும் நேரில் வர வேண்டும் என்றார். விசாவை இனிப் புதுப்பிக்க முடியாது, இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார். கடிதம் இல்லாவிட்டால் டீச்சரம்மா கப்பலோ விமானமோ ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே யாழ்ப்பாணத்தில் அப்போது சண்டை, நிலைமை சரியில்லை. அவர் வீடு இருந்த தெருவில் ஆட்களே இல்லை என்று கடிதம் வந்திருந்தது.

ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினவருக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. கோயில் செயலாளரிடம் போனார். "எழுதித் தரலாம், கேட்டால்" என்று அவர் உள்ளே போய்விட்டார். வங்கி வேலை கிடைக்காத பையனிடம் போனார். "அங்கிள், நான் உங்கள எப்பவும் காலையில பாத்ததில்லையே" என்றானாம். மூன்றாவது வீட்டுத் தாயார் கதவையே திறக்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் கடிதம் தட்டிக் கொடுக்கிற ஒருவன் தயாராக வைத்திருந்தான், பெயரை மட்டும் நிரப்பினால் போதும், கையெழுத்துக்கும் ஆள் பிடித்துத் தருவானாம். அதில் "இணைபிரியாத தம்பதி" என்று இருந்தது. கிராணியார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போன வருடம் வரை நாங்கள் பிரிந்துதானே இருந்தோம் என்று அவனிடம் விளக்கம் வேறு சொன்னாராம்.

கடைசியில் என் வாசலுக்கு வந்தார். நான் வெயிலில் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தேன். தும்மிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, உமக்கு நான் எப்பவாவது கடிதம் எழுதித் தந்தனானோ?"

"இல்லைங்க. நான் கேக்கவே இல்ல. அதான் தப்பிச்சேன் லா."

"அப்ப உமக்கு என்னில கோபம் இல்லை."

விஷயத்தைச் சொன்னார். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், கையெழுத்தே மாடு ஏர் உழுத மாதிரி இருக்கும் என்றேன். "கண் இருக்குதானே" என்றார். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், மலாயில் தானே மாற்றித் தட்டிக்கொள்வாராம். சரி, என்ன எழுத வேண்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் சொல்லி நீர் எழுதினால் அது சாட்சியோ? நீர் கண்டதை எழுதும். காணாததை எழுதப்படாது."

மனைவி ஊரை விட்டுப் போகிற நேரத்திலும் அந்த மனிதருக்குச் சட்டம்தான் முக்கியம்.

சரியென்று நானும் பார்க்கத் தொடங்கினேன். பார்க்க என்ன இருந்தது? சாயங்காலத்தில் இரண்டு பேரும் வராந்தாவில் இரண்டு நாற்காலியில் உட்காருவார்கள். அவர் பத்திரிகை படிப்பார். அந்த அம்மா கணக்குப் போடுவார், பொழுதுபோக்குக்கு. ஒருவருக்கொருவர் வாங்கோ, போங்கோ. இதை எழுதினால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் என்றுதான் அதிகாரி நினைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் டீச்சரம்மாவின் சமையலைக் கிட்டத்தில் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் வருகிற கருகல் வாசனைக்கு எனக்குக் காரணமும் தெரிந்தது. எல்லாவற்றையும் அவர் அளந்து போட்டார். உப்பை அளந்து போட்டார். பிறகு யோசித்துவிட்டு, போடவில்லையோ என்று இன்னொரு தடவை அதே அளவு அளந்து போட்டார். சோறு மேலே அரிசியாகவும் அடியில் கரியாகவும் இருந்தது. வெள்ளையாக ஒன்றைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். பாத்திரம் அலசின தண்ணீர் என்று நினைத்து நான் அதில் கை கழுவப் போனேன். அது தேங்காய்ப்பால் சொதி.

நான் ஒரு வாய் தின்றுவிட்டு, விரதம் என்று சொல்லி எழுந்துகொண்டேன். கிராணியார் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காத வாய் அது. அன்றைக்குச் சோற்றை மென்றுகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. சமையலுக்கு ஆள் கொண்டுவருகிறவன் இப்படிப்பட்ட ஆளையா கொண்டுவருவான்? உட்கார்ந்து எழுதினேன். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம், இன்னும் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"இந்த அம்மாவை நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிறேன். இவர் வருவதற்கு முன்னால் கிராணியார் கடையில் சாப்பிட்டார், நன்றாக இருந்தார். இவர் வந்த பிறகு வீட்டில் சாப்பிடுகிறார், இளைத்துவிட்டார். இந்த அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. ஆகவே இவர் வேலைக்காரி இல்லை."

கிராணியார் படித்தார். கடைசி வரியை மட்டும் அடித்தார். "இது கண்டது இல்லை, நினைச்சது" என்றார். மற்றதையெல்லாம் ஒரு சொல் விடாமல் மலாயில் தட்டினார். சமைக்கத் தெரியாது என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார், அவ்வளவுதான். பிறகு அதையும் தட்டினார். "நல்ல சாட்சி" என்று தலையாட்டினார். டீச்சரம்மாவுக்கு மலாய் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை.

குறித்த நாளில் மூன்று பேரும் போனோம். நான் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அந்த அதிகாரி கடிதத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்னொரு தடவை படித்தார். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவரோ தலையைத் தூக்கி, டீச்சரம்மாவுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் குக் என்ற சொல் தெரியும். என் பக்கம் அவர் விரல் காட்டியதும் தெரிந்தது. இந்த அம்மா உன் மனைவிக்குச் சமைக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாரே, உண்மையா என்று கேட்கிறார்.

டீச்சரம்மா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது. கிராணியார் அவரைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். மறுபடியும் டீச்சரம்மாவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரையெல்லாம் கெடுத்த அந்த உண்மை அன்றைக்கு ஒருநாள் அவருக்கே உதவ வந்து நிற்கிறது.

தொண்டையைச் செருமினார்.

"நோ, மேடம். மை வைஃப் இஸ் எ வெரி குட் குக்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அதிகாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்துபோனது. பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: யார் சொல்வது பொய்? கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு போய், வாழ்க்கையில் எழுதிய ஒரே கடிதத்துக்குப் பொய்க்காரி என்று பெயர் வாங்குவதா? நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அந்த வீட்டுச் சாப்பாட்டை நான் சாப்பிட்டேன், எழுதினது எழுதினதுதான்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கிராணியார் சுவரைப் பார்த்தார்.

அப்போது டீச்சரம்மா தலையை நிமிர்த்தினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில், அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நீளமாகத்தான் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கத் தொடங்கினவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு கிராணியாரை நெடுநேரம் பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார். சிவப்பு ஐ.சி. கைக்கு வர இன்னும் நாள் பிடித்தது. ஆனால் டீச்சரம்மா இனிப் போக வேண்டியதில்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வெளியே வந்ததும் நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். கிராணியார் வேகமாகப் பின்னால் வந்தார்.

"பிள்ளை, நீர் எழுதினதில ஒரு பிழையும் இல்லை."

"அப்ப உள்ள ஏன் அப்படி சொன்னீங்க? காரியமே கெட்டிருக்கும் லா."

அவர் திரும்பிப் பார்த்தார். டீச்சரம்மா கொஞ்சம் பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்தார்.

"அவ எனக்குப் பக்கத்திலதானே இருந்தவ, பிள்ளை" என்றார்.

மினி பஸ்ஸில் நானும் டீச்சரம்மாவும் உட்கார்ந்தோம். கிராணியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் ஆறிவிட்டது, ஆனால் விஷயம் தெரியாமல் இருக்க முடியவில்லை. அந்த அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று டீச்சரம்மாவைக் கேட்டேன்.

"நேற்று வைச்ச மீன் குழம்பைப் பூனைக்கும் கொஞ்சம் வைச்சனான். அது மணந்து பார்த்திட்டு வாய் வைக்காமல் போயிட்டுது. இவர் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர். அதைச் சொன்னனான்" என்றார்.

கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது.

"பூனைக்கு நேற்றுப் பசியில்லை" என்றார்.

ஒரே நாளில் இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் என் வீட்டுக் குழம்பில் கொஞ்சம் தூக்குச்சட்டியில் ஊற்றி, கொல்லைப்பக்கச் சுவருக்கு மேலே நீட்டுவேன். அவர்தான் வாங்கிக்கொள்வார். மறுநாள் அவரே திருப்பிக் கொடுப்பார். கொடுக்கும்போது வீட்டுக்குள் கேட்கிற மாதிரி சத்தமாக, "பரவாயில்லை பிள்ளை, ஆனால் அவ வைக்கிற மாதிரி வராது" என்பார். நானும் "ஆமாங்க, வராதுதான்" என்பேன். சட்டி, விரலால் வழித்து வழித்து, கழுவவே தேவையில்லாத மாதிரி இருக்கும்.