மீதிப் பாதி எங்கே

சுருட்டிய காகிதத்தோடு காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடக்கக் கூடாது. பாம்போடு நடக்கலாம், பாவம், பிழைப்புக்கு வைத்திருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். காகிதச் சுருள் என்றால் விட மாட்டார்கள். எங்கள் ஊரில் பட்டுப் புடவையின் பார்டரும் முந்தானையும் தறியில் பிறப்பதில்லை, கட்டம் போட்ட காகிதத்தில் பிறக்கின்றன. கல்யாண சீசனுக்கு முன்னால் அந்தக் காகிதம் அடுத்த கடைக்குப் போய்விட்டால் ஒரு வருஷத்து உழைப்பு போச்சு. ஆகவே சுருளோடு போகிறவன் ஒன்று முதலாளி, இல்லாவிட்டால் திருடன். மூன்றாவது ரகம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த மூன்றாவது ரகமாக இருந்து பார்த்தேன்.

அப்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளன். பிள்ளையார்பாளையத்தில் வீடு, கீழே அப்பாவின் தறிகள், மாடியில் என் அறை. எனக்கு வெளியே சொல்ல முடியாத ஆசை ஒன்று இருந்தது (நீங்கள் நினைப்பது இல்லை). இரண்டாம் உலகப் போரில் பறந்த ஓர் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை, சின்ன அளவில் அச்சு அசலாகச் செய்து மேஜைமேல் நிறுத்த வேண்டும். அந்த விமானம் முழுக்க மரத்தால் ஆனது, எதிரிகளைத் தூங்கவிடாமல் அடித்தது, அதற்கு ஆங்கிலத்தில் கொசு என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் நூலகத்தில் படித்து மயங்கிக் கிடந்தேன்.

வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் என் தங்கை கோமதி. அவளுக்குப் பட்டுக்கடை ஏகாம்பரத்தின் ஒரே மகன் குமரேசனைப் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதுதான் பாக்கி. பெண் பார்க்க வந்த அன்று கோமதி குமரேசனுக்கு இரண்டாம் தடவை கேசரி வைத்தாள். எனக்கு முதல் தடவையே வைக்காதவள் அவள். அப்படிப்பட்ட நேரத்தில், பெண்ணின் அண்ணன் பொம்மை ஏரோப்ளேன் செய்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

ஒரு சனிக்கிழமை மெட்ராஸுக்குப் போய் அந்த மாதிரி சாமான்கள் விற்கும் கடையைக் கண்டுபிடித்தேன். இரண்டு வழி இருந்தது. பாகங்களெல்லாம் வெட்டித் தயாராகப் பெட்டியில் அடைத்த கிட் ஒன்று. வரைபடத்தை மட்டும் வாங்கி மரத்தை நாமே வெட்டிக்கொள்வது மற்றொன்று.

கிட் பெட்டிமேல் வண்ணப்படம் பிரமாதமாக இருந்தது. மேகம், நெருப்பு, இரண்டு எஞ்சினும் சுழல, உள்ளே விமானி சிரித்துக்கொண்டிருந்தான். குண்டு மழைக்கு நடுவில் ஒருவன் சிரிப்பது எனக்குச் சந்தேகமாகப் பட்டது. பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். பாதி தீர்ந்துபோன முறுக்கு டப்பா மாதிரிச் சத்தம்.

"பிரிச்சுக் காட்டுங்க."

"பிரிச்சா எடுத்துக்கணும் சார்."

இதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. எங்கள் ஊரில் கடையையே பிரித்துப்போட்டு, அந்தக் குவியலின்மேல் உட்கார்ந்து, காபி குடித்து, முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டு போவார்கள். பிரிக்காமல் விற்கிறவன் ஓட்டையை மறைக்கிறான் என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். வரைபடத்தையோ அவர் கேட்கும் முன்பே விரித்துக் காட்டினார். அதை வாங்கினேன். கூடவே எடையே இல்லாத பால்சா மரத் தகடுகளும் (எடையே இல்லாததற்கு எதற்குக் காசு என்று அதிலும் ஒரு சந்தேகம்).

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரில் ஏகாம்பரம். சந்தனப் பொட்டும் தங்க பிரேம் கண்ணாடியுமாக நின்றிருந்தார். பார்வை என் முகத்துக்கு வரவில்லை, கக்கத்திலிருந்த சுருளிலேயே நின்றது.

"இன்னா தம்பி, மெட்ராஸா? கையில இன்னாது ரோலு?"

"காலேஜ் சார்ட்டுங்க."

"ஓகோ," என்றார். அந்த ஓகோ நல்ல ஓகோ இல்லை.

எனக்குத் தெரியாமல் போனது என்னவென்றால், அந்த வாரம்தான் அவருடைய கடையின் புது பார்டர் டிசைன், அவர் கடைக்கு வருமுன் வேறொரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியிருந்தது. மனிதர் ஊரில் உள்ள சுருள்களையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்தை விரித்தால், விமானத்தில் பாதியைக் காணோம். உடம்பு இருக்கிறது; வலது இறக்கை, எஞ்சினோடு, ஒவ்வொரு குச்சியும் அளவோடு இருக்கிறது. இடது பக்கம் வெறும் காகிதம். பாதியைக் கொடுத்துவிட்டு முழுசுக்குக் காசு வாங்கிவிட்டான் என்று கொதித்து, அடுத்த சனிக்கிழமை அதே சுருளோடு மறுபடி பஸ் ஏறினேன். கடைக்காரர் என் ஆவேசத்தை முழுவதும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே சார். டிரேஸ் எடுத்துத் திருப்பிப் போட்டா இடது பக்கம் வந்துடும். நீங்க இன்னா வேல பாக்கறீங்க?"

தறி வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்கு வாத்தியார் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வந்தபோதும் பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரம் இருந்தார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்து, தேதி பேச வருகிறோம் என்று சொல்லியனுப்பி, மகனோடு வந்தார். காபி வந்தது. தேதி வரவில்லை.

"மாடி ரூம் ஏன் பூட்டியிருக்குது?" என்றார்.

"அவன் படிக்கிற ரூம்," என்றார் அப்பா.

"படிக்கிறதுக்குப் பூட்டு எதுக்குபா? போய்ப் பார்ப்போமே."

பார்த்தார்கள். மேஜைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது. மெல்லிய கட்டங்கள், அவற்றின்மேல் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஓரத்திலிருந்து நடுவரை விரலால் தடவிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"மீதிப் பாதி எங்க?"

பார்டர் டிசைன்களை எங்கள் ஊரில் பாதிதான் வரைவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

"மீதி தேவையில்லைங்க. திருப்பிப் போட்டா வந்துடும்."

ஏகாம்பரம் காகிதத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். 

"அது எங்களுக்குத் தெரியும் தம்பி," என்றார் ஏகாம்பரம். "நாலு தலைமுறையா அதத்தான் பண்ணிக்கினு இருக்கோம். இது யாரு கடைக்கு?"

"இது ஏரோப்ளேனுங்க."

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல சார்ட்டுன்னே."

குமரேசன் ஜன்னலைப் பார்த்தான். வாசற்படியில் நின்ற கோமதி என்னைப் பார்த்த பார்வையில் பால்சா மரம் பற்றி எரிந்திருக்கும். அந்தப் பெட்டியை மட்டும் வாங்கியிருந்தால், சிரிக்கிற விமானியையாவது சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

"சரி," என்று ஏகாம்பரம் துண்டை உதறினார். "ஏரோப்ளேன்னா செஞ்சு காட்டு. வர்ற வெள்ளிக்கிழமை வரேன். தேதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அன்று முதல் எங்கள் வீடு ராணுவத் தொழிற்சாலை ஆயிற்று. கோமதி வேளாவேளைக்கு வந்து மேற்பார்வை பார்த்தாள்.

"ணா, ஒன் பொம்மையால என் கல்யாணம் அந்தரத்துல தொங்கிக்கினு இருக்குது. அது பறக்குதோ இல்லியோ, நீ பறப்பே."

வார்னிஷ் வாடை கீழே இறங்கியதும் அம்மா மூன்று முறை என் வாயை ஊதச் சொன்னாள். எனக்கும் எல்லார்மேலும் சந்தேகம். விமானத்தைக் கெடுக்க ஏகாம்பரம் ஆள் அனுப்புவார் என்று தோன்றியது. அறைக் கதவில் ஜரிகை இழை ஒன்றைக் குறுக்கே கட்டி வைத்தேன், யாராவது திறந்தால் தெரியட்டும் என்று. அம்மா அதைத் தினமும் தூசி என்று துடைத்தெடுத்தாள். முடிந்த பாகங்களை உடனுக்குடன் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வலது இறக்கை முடிந்த மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், வெண்ணெய்த்தாளில் நான் எடுத்திருந்த டிரேஸ் மேஜைமேல் தலைகீழாகப் புரண்டு கிடந்தது. ஜரிகை இழையையும் காணோம். என்னையா ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று, காகிதத்தைச் சரியாகத் திருப்பி வைத்து, அதன்மேல் இரண்டாவது இறக்கையைக் கட்டி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா பிடிவாதமாகத் தாம்பாளத்தில் பூ வைத்து, அதன் நடுவில் விமானத்தின் உடம்பை வைத்துக் கொண்டுவந்தாள். நான் வலது இறக்கையைப் பொருத்தினேன். எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. குமரேசனே "சூப்பரா இருக்குதுபா," என்றான். ஏகாம்பரம் அரை அங்குலம் தலையசைத்தார். கோமதியின் முகத்தில் நிச்சயதார்த்த வெளிச்சம்.

இடது இறக்கையை எடுத்து வைத்தேன். பொருந்தவில்லை. கவிழ்த்து வைத்தால் சக்கரம் வானத்தைப் பார்த்தது. நிமிர்த்தினால் எஞ்சின் வாலைப் பார்த்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: டிரேஸ் புரண்டு கிடந்த அன்றைக்குக் காலையில், கல்லூரி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், இடது பக்கத்துக்காக அந்த டிரேஸைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனவன் நானேதான்.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எஞ்சின் வாலைப் பார்க்கும்படியே பொருத்திவிட்டுக் கைகட்டி நின்றேன்.

ஏகாம்பரம் எழுந்து தாம்பாளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா தம்பி, ஒரு எஞ்சினு மெட்ராஸுக்குப் போவுது, இன்னொண்ணு வந்தவாசிக்குப் போவுது?"

"ரெண்டுமே வலதா, ணா?" என்றாள் கோமதி. அழுகைக்குப் பக்கத்திலிருந்து வந்த குரல்.

ஏகாம்பரம் என்னை முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். சுருளைப் பார்த்த அந்தப் பார்வை இல்லை. நாற்காலியிலிருந்து விழுந்த குழந்தையைப் பார்க்கிற பார்வை. பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"இவரு திருடல சம்பந்தி. பாதியத் திருப்பிப் போட்டு முழுசாக்கத் தெரியாத ஆளு டிசைன எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவாரு?"

உட்கார்ந்தார். காபியை இந்த முறை முழுவதும் குடித்தார். வெளியே சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

"கணக்கு வாத்தியாரு வேற. ஒண்ணு சொல்லிட்டேன், எம் பேரப் பசங்கள மட்டும் இவரு காலேஜ்ல சேர்க்கக் கூடாது."

பேரப் பசங்கள் என்ற சொல் கூடத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கோமதியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். அப்பா பஞ்சாங்கத்தைத் தேடினார்.

டிசைன் எப்படி வெளியே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. விமானம் குமரேசனின் கடையில் உத்தரத்தில் தொங்குகிறது. மின்விசிறியைப் போட்டால் இரண்டு எஞ்சினும் இரண்டு ஊருக்குக் கிளம்பப் பார்க்க, அது இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. கல்யாண வீடுகளில் நான் பந்தியிலிருந்து எழுந்து வந்தால், செருப்பு இரண்டும் வேறுவேறு காலுக்குத்தானா என்று கோமதியின் பிள்ளைகள் குனிந்து பார்த்துச் சொல்கிறார்கள்.

ஏகாம்பரத்துக்கு வயதாகிவிட்டது, சந்தேகத்துக்கு மட்டும் வயதாகவில்லை. புது டிசைன் மேஜைமேல் இருக்கும்போது யார் காலடி கேட்டாலும், சொந்த மகனே ஆனாலும், துண்டைப் போட்டு மூடிவிடுவார். போன மாதம் நான் உள்ளே நுழைந்தபோது கடைப் பையன் பதறிப்போய்த் துண்டை எடுத்தான். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மூடாதே. நம்ம ரெண்டு வலதுதான், பார்த்தா பார்த்துட்டுப் போறாரு."