ரெண்டு சைஸ் பெரிய டயர்

பெண்டாட்டி கையில் கார்ச் சாவியை இந்த ஜன்மத்தில் கொடுப்பதில்லை என்று அவர் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார். டயர் தேய்ந்த அன்றுதான் அந்த நினைப்பு திட்டமாக மாறியது.

வீட்டம்மா லைசென்ஸ் வாங்கி அரை வருஷம் ஆகிவிட்டது. முதல் தடவையிலேயே பாஸ். அவர் பாஸானது மூன்றாவது தடவை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவள் மட்டும் தினமும் பேசுவாள். வாசலில் நிற்பதோ நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய கார். அவள் சாவி கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. மழை வரும்போல இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரோடு புதுசு, வழுக்கும். ரோடு பழசு, குலுக்கும். காரணங்கள் தீர்ந்துபோகிற நேரம் பார்த்து நாலு டயரும் வழுக்கை விழுந்து அவரைக் காப்பாற்றின.

பெண்டாட்டி குள்ளம். பிஸ்கட் டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டால் அது அவர் ஒருவருக்கே சொந்தம். காரையும் அப்படி உயரத்தில் வைத்துவிட்டால்? ஏறினால்தானே ஓட்டுவதற்கு? தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். கை எட்டவில்லை.

மறுநாள் காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு உபதேசம் ஆரம்பமானது. டயர்மேல் எழுதியிருப்பதில் முதல் எண் அகலத்துக்கு, அடுத்தது உயரத்துக்கு, கடைசி எண் நடுவில் இருக்கிற இரும்பு வளையத்துக்கு என்று ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினார். இப்போது இருப்பது சின்ன சைஸாம். ரெண்டு சைஸ் பெரிதாகப் போட்டால் பாதுகாப்பாம்.

"யாருக்கு?"

"குடும்பத்துக்குத்தான்."

"கதவோரத்துல கம்பெனிக்காரனே ஒரு சைஸ் எழுதி ஒட்டியிருக்கானேங்க."

"அது பொதுவா ஒட்டுறது. உனக்கு இதெல்லாம் புரியாது. நாளைக்கே போய் மாத்திட்டு வரேன் பாரு."

"சரிங்க. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. புத்தியுள்ள புருஷன் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் இன்னொரு காபி கேட்டார்.

வழக்கமாகப் போகிற டயர்க் கடையில், முன்னால் மட்டும் ரெண்டு போதும் என்று சிக்கனம் பேசிப் பார்த்தார். கடைக்காரர் மறுத்துவிட்டார். இந்த மாதிரி காரில் நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம் என்று சுற்றினால் நடுவில் இருக்கிற கியர் அரைபட்டுச் சாகும். இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் இருப்பவன் கதி என்ன என்பதைக் கல்யாணமான மனுஷனுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலையும் வாங்கினார்.

கார் யானைபோல வந்து நின்றது. அவள் வெளியே வந்தாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "என்னால முடியாதுங்க" என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவர் குளியலறையில் பாடிய பாட்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சில்லறைத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி, யாரோ பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் வந்தது. ஏறி உட்காரும்போது அவருடைய முழங்காலும் அதே சத்தம் போட்டது. ஆனாலும் சாவி அவர் சட்டைப்பையில் அல்லவா இருந்தது.

அறுபது என்று பலகை இருந்தால், மீட்டர் முள்ளை அறுபதிலேயே கட்டிப்போட்டு ஓட்டுகிறவர் அவர். அப்பேர்ப்பட்டவரை அந்த மாதத்திலேயே வேகமாகப் போனதற்காக மூன்று தடவை பிடித்தார்கள். மூன்றாவது தடவை அவர் நடுரோட்டில் நியாயம் கேட்டார். போலீஸ்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"டயரைப் பெருசாக்கினா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூடுதலா ஓடும் சார். உங்க மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? அது பழைய கணக்கையே காட்டிட்டிருக்கு."

லைசென்ஸ் மூன்று மாதத்துக்குப் போனது. ரோட்டோரம் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் செய்தார். அவள் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கையை மட்டும் நீட்டினாள். சாவி இடம் மாறியது. அப்புறம் கதவோரக் கைப்பிடியை ஒரு பிடி, விளிம்பில் ஒரு மிதி. அணில் மாதிரி சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு ஏற முடியாதுன்னியே?"

"அன்னைக்கு ஏறி என்ன பண்றது? சாவி உங்ககிட்டல்ல இருந்துது. கையைக் குடுங்க, தூக்கிவிடறேன்."

மீட்டர் முள் ஐம்பதைத் தொடாமல், மட்கார்டு ஒரு தடவைகூடப் பல்லைக் கடிக்காமல், அவள் நேராக டயர்க் கடைக்கு ஓட்டினாள். இவர்கள் இறங்குவதற்குள் கடைக்காரர் கம்பெனி சைஸில் நாலு புது டயரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நாங்க இதுக்குத்தான் வரோம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் முதலில் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள்.

"அம்மாதான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாங்க சார்."

"எப்போ?"

"நீங்க பெருசு வாங்க வந்தீங்களே, அதுக்கு முந்தின நாள்."