எட்டுப் பக்க ஊர்

நோபல் பார்க்,
12.09.2011

தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர், அன்பின் தம்பி சிவபாலனுக்கு,

நீரும் பிள்ளைகளும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மலர் கிடைத்தது. ‘எங்கள் ஊர்’ பகுதியில் விக்னராஜா புதிதாகக் குடிபோன புறநகர் பொயிண்ட் குக்குக்கு எட்டுப் பக்கம், வரைபடம் வேறு. நான் அனுப்பிய நோபல் பார்க் வரலாற்றுக்கு மட்டும் இடமில்லையாம்.

இருபத்துநாலு வருடமாக இங்கே இருக்கிறேன். எங்களுக்கு ரயில் நிலையம் இருக்கிறது. விக்னராஜாவின் வீட்டுக்கு வயது இரண்டு மாதம். மேற்கே வெரிபீ, கிழக்கே ஏரி என்று பெரிதாக எழுதியிருக்கிறார்; அந்த ஏரியை வெட்டினதே போன வருடம்தான். எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை.

அவருடைய வீடுகுடிபூரலுக்கு, பால் காய்ச்ச உதவிக்கு என் மனைவி வசந்தினியை வரச் சொல்லியிருந்தார்கள். எங்களுடைய பழைய தெருப்படப் புத்தகத்தில் அந்த இடம் வெறும் புல்வெளி. போய்ப் பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி. கொடி பறந்த வீடுதான் விசேஷ வீடு என்று நினைத்து, நல்ல நேரம் தப்பப் போகிறதே என்ற அவசரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டோம். வசந்தினி பாலோடு நேரே குசினிக்குப் போனாள்; அடுப்புப் பற்றவில்லை, குழாயில் தண்ணீரும் வரவில்லை. நான் கதிரையில் இருந்துகொண்டு மேசையிலிருந்த அப்பிளைக் கடித்தேன், பிளாஸ்டிக். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, இது வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு என்றாள். நான் வெட்கத்தில் வெளியே வந்துவிட்டேன். வசந்தினி வரவில்லை.

“இஞ்சேருங்கோ, எங்கட குசினியிலை ரெண்டு பேர் நிண்டா ஒராள் வெளியிலை போகவேணும்” என்றாள்.

எங்களுடையது வரலாறு உள்ள வீடு என்றேன்.

“அப்ப வரலாற்றிலை நீங்களே சமையுங்கோ.”

விக்னராஜா வீட்டைக் கண்டுபிடித்தபோது பால் பொங்கி முடிந்திருந்தது. படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருப்பதை அவர் எங்களுக்கு மூன்று தடவை காட்டினார்.

தம்பி, இந்த மலரைப் பார்க்கிறவர்கள், பொயிண்ட் குக்குக்குப் போக முடியாதவர்கள்தான் நோபல் பார்க்கில் தங்கிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மலரில் என் கட்டுரையை முழுதாகப் போடவும். பன்னிரண்டு பக்கம் இத்துடன் இருக்கிறது.

உமக்கும் வீட்டாருக்கும் நல்லூர்க் கந்தன் ஒரு குறையும் வைக்காமல் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தருமராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வசந்தினி வந்து சொன்னாள். அன்றைக்கே அந்த மாதிரி வீட்டுப் பெண்ணிடம் காணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். விக்னராஜா வீட்டிலிருந்து மூன்றாவது காணி எங்களுக்குக் கிடைத்துவிட்டதாம். ஆகவே என் கட்டுரையைப் போட வேண்டாம். ஆனால் விக்னராஜாவின் வரைபடத்தில் ஒரு பிழை. ஏரியைத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் கீறியிருக்கிறார். ஏரிக்குக் கிட்ட இருப்பது எங்களுடைய காணி. அதை மட்டும் தயவுசெய்து திருத்திப் போடவும்.