எங்களை வேண்டாம் என்ற கேன்டீன்காரர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வேலை கிடைக்காமல் திண்டாடியவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். வேலை கொடுக்க வந்தவர்களைத் திண்டாட வைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, 'ஒரே சாம்பார்' அண்ணாத்ததான்.

சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, கம்பெனிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் சாப்பாட்டு கான்ட்ராக்ட் எடுப்பவர். முதலாளியிலிருந்து வாசல் பெருக்குபவர் வரை எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஒரே சாம்பார்தான் ஊற்றுவார். அதற்குச் சம்மதிக்காதவர்களின் ஆர்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவருக்கு வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கப் போனால் அவர் கையிலிருந்து விலைப்பட்டியல் வராது, விண்ணப்பப் பாரம் வரும். அதை நாம்தான் நிரப்ப வேண்டும். 'சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் போடுவீர்களா?', 'இரண்டாம் முறை சோறு கேட்டால் முறைப்பீர்களா?', 'கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் மேனேஜருக்கும் ஒரே சாம்பாரா?' என்று ஒன்பது கேள்விகள். கீழே கையெழுத்து. போட்டோ ஒட்டச் சொல்லாததுதான் பாக்கி.

பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல்காரர், "சோத்துல கொஞ்சம் சோடா உப்பு போடுப்பா, பசங்களுக்கு சீக்கிரம் வயிறு ரொம்பிடும்" என்று யோசனை சொன்னாராம். அண்ணாத்த ஒரு தட்டு நிறையச் சோற்றைப் போட்டு அதன்மேல் சோடா உப்பைத் தூவி அவர் முன்னால் வைத்தார். "மொதல்ல நீ துன்னு நைனா. ரொம்புதா பாக்கலாம்." அன்று மாலையே பாத்திரங்களை வேனில் ஏற்றிவிட்டார்.

மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ரிசார்ட். விருந்தாளிகளுக்கு இறால் தொக்கு, அறை கூட்டும் பெண்களுக்கு முந்தாநாள் குழம்பு என்று அங்கே ஏற்பாடு. முதல் நாளே விஷயம் தெரிந்ததும் மனிதர் தொக்கு அண்டாவோடு திரும்பிவிட்டார். வழிநெடுக வேனை நிறுத்தி நிறுத்தி ஊற்றியதில், அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை மறந்து வேனுக்குக் காத்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன். மறைமலைநகரில் கார் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில் அப்போது நிர்வாக அதிகாரி நான். கேன்டீன் சோற்றைப் பொறுக்க முடியாமல் தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: திங்கட்கிழமைக்குள் நல்ல சாப்பாடு வராவிட்டால் யாரும் மெஷினைத் தொட மாட்டோம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே வரியில் முடித்தார். "திங்கட்கிழமை சோறு வரலைன்னா, செவ்வாய்க்கிழமை நீங்க வரவேண்டாம்." வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை.

வியாழக்கிழமை ஏரிக்கரைக்கு ஓடிப் பாரத்தை நிரப்பினேன். சாம்பார் கேள்வியில் பேனா நின்றது. எங்களிடம் இரண்டு சாம்பார் உண்டு. ஹாலில் ஆபீசர்களுக்கு முருங்கைக்காய் போட்டது, பின்பக்கக் கொட்டகையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தண்ணீர் போட்டது. கடைசியில் 'ஆம், ஒரே சாம்பார்' என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நேராகப் பின்பக்கக் கொட்டகை வரிசையில் தட்டோடு நின்றுவிட்டார். நான் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்வதற்குள் சாம்பார் அவர் தட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது? பருப்ப அண்டாவுக்குக் காட்டிட்டு எடுத்துகினு போயிட்டாங்களா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டுன்னு எழுதியிருந்தா பேசித் தீத்திருக்கலாம். நீ ஒண்ணுன்னு எழுதிட்ட. ஒங்க கம்பெனி எனக்கு சரிப்பட்டு வராது சார். நா வர்றேன்."

"கேன்டீன்காரன் நம்மள ரிஜெக்ட் பண்றானா?" என்று மேனேஜர் மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் குரல் ஏறிக்கொண்டே போனது. நான் இரவெல்லாம் தூங்கவில்லை. வேலை போகும் என்ற பயம் பாதி. அந்த ஓடுகிற சாம்பாரை மூன்று வருஷம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேனே என்ற வெட்கம் மீதி.

சனிக்கிழமை காலை மறுபடி போய் இன்னொரு பாரம் கேட்டு வாங்கினேன். 'இல்லை. இரண்டு சாம்பார். முந்தாநாள் நான் எழுதியது பொய்' என்று எழுதினேன். இந்த முறை கையெழுத்துக்குக் கீழே கோடு இழுக்கவில்லை.

அண்ணாத்த மெதுவாகப் படித்தார். "சரி. இனிமே ஒண்ணுதான்னு ஒங்க மேனேஜர எழுதிக் குடுக்கச் சொல்லு. திங்கக்கெழம அண்டா வரும்."

மேனேஜர் முன்னால் நின்று, என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, "சார், பின்னாடி கொட்டகைல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் என்னைத் தூக்குறதுன்னா தூக்குங்க" என்றேன். முறைத்துக்கொண்டேதான் வந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு பேனா கேட்டார்.

திங்கட்கிழமை ஒரே ஹால், ஒரே வரிசை. மேனேஜருக்குத் தட்டு வாங்க ஆபீஸ் உதவியாளர் வந்தபோது அண்ணாத்த கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சாருக்குக் கால்ல அடியா?"

"இல்லீங்க, நல்லாத்தான் கீறாரு."

"அப்ப லைன்ல வரச் சொல்லு."

மேனேஜர் வந்தார். ஒரு வெல்டருக்குப் பின்னால் நின்றார். அதே சாம்பாரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார். மெஷின்கள் ஓடின, என் வேலையும் பிழைத்தது.

எல்லாரும் போனபின் அண்ணாத்த தன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டுவிட்டேன். "நான் பொய் சொன்னவன். அப்புறமும் ஏன் எங்கள எடுத்துக்கிட்டீங்க?"

"பாரத்துல பொய் எழுதுனவங்க நெறைய பேரு கீறாங்க. திரும்பி வந்து, அது பொய்யின்னு எழுதிக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான். துன்னு, ஆறிடப் போவுது."

அதன்பிறகு கம்பெனி மாறினேன், பதவியும் உயர்ந்தது. எத்தனையோ நேர்காணல்களில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. 'ஒரே சாம்பார்' அண்ணாத்த என்னைத் தேர்ந்தெடுத்ததை மட்டும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.