ஆடி மாதக் கப்பல்

புதுமணத் தம்பதியை ஆடி மாதத்தில் பிரித்துவைக்க வேண்டும் என்று சொன்னவர் கல்யாணமே ஆகாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம், ஆகாதாம். அதனால் கல்யாணமான முதல் வருஷம் என் மனைவி மரகதத்தை மாமியார் நெல்லித்தோப்பில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். குருசுக்குப்பத்தில் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். (இறங்கியது. ருசிக்கவில்லை.)

அப்போது என்னிடம் சொந்தமாக ஒரு கப்பல் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது எங்கள் ஆபீஸ் முசியே, அதாவது துரை, ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகு. அவரோடு கடலுக்குப் போனபோதெல்லாம் நான் செய்த ஒரே வேலை, அவர் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொள்வது. அந்த அனுபவத்தை நம்பி, பெண்டாட்டியோடு கரையோரமாகக் கடலூர் வரை உல்லாசப் பயணம் போகத் திட்டம் போட்டேன். படகின் இரண்டு பக்கமும் 'மரகதம்' என்று சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதினேன்.

நாள் குறித்ததில்தான் என் மூளை பிரமாதமாக வேலை செய்தது. அன்றைக்கு வீராம்பட்டினத்தில் ஆடித் தேர். ஊரே அங்கே போய்விடும், மாமியார் உட்பட. கடலூரில் சிநேகிதிக்குக் குழந்தை பிறந்திருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, மரகதம் புளிச்சோற்று மூட்டையோடு விடிகாலையில் வந்து சேர்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா ஆவணியிலயும் என்னை அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

"கடலுக்குள்ள உங்கம்மா எங்கேருந்து வரப் போறாங்க?"

தரைக்காற்று அடித்தவரை நான்தான் கேப்டன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வீட்டுக்கதையெல்லாம் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததே இல்லை. மத்தியானம் காற்று திரும்பிக் கடல்பக்கமிருந்து அடித்தது. பாயை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியாது. (தொப்பி மட்டும்தான் தெரியும்.) படகு கரையைப் பார்த்து ஓடியது. முதலில் தேர் தெரிந்தது. அப்புறம் ஜனங்கள். அப்புறம், பனையோலை விசிறியோடு என் மாமியார்.

மரகதம் பலகைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். என்ன பிரயோசனம்? படகு மணலில் ஏறியதும் கரையில் இருந்தவர்கள் அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள்.

மாமியார் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார்.

"கடலூரு வந்துடுச்சா?"

மரகதம் அழ ஆரம்பித்தாள்.

"நாலு நாள்ல ஆடியே முடியுது. அதுக்குள்ளாற என்னா மாப்ள அவசரம்?"

"மரகதம் இல்லாம இருக்க முடியல அத்த" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் முந்தானையால் என் தலையைத் துவட்டினார். "ஈரத்தோட நிக்காதீங்க. ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க."

(அதற்குப் பிறகு நடந்ததற்குக் கடல் பொறுப்பல்ல.)

அடுத்த சித்திரையின் கடைசியில், அக்னி நட்சத்திர வெயிலில், எங்கள் மகள் பிறந்தாள். தெருப் பெண்கள் விரல்விட்டு எண்ணியபோது, "நல்லா எண்ணுங்க. நான்தான் ஊட்டுக்கு இட்டாந்தேன்" என்று சொல்லிவிட்டு, மாமியார் அதே விசிறியால் பேத்திக்கு விசிறினார்.

இன்றைக்கும் பிறந்தநாள் புடவை வியர்வையில் ஒட்டும்போது மகள் கேட்பாள்: "ஒரு நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் முந்திக்கொள்வாள்: "அவர மட்டும் சொல்லாதடி. புளிச்சோறு கட்டிக்கிட்டு ஓடுனது நானு."