அரிப்புக்கு வேறு துண்டு

"...அன்னாரின் பூதவுடல் ஓலைத்தொடுவாயில், அவரது தம்பி லெம்பேட்டின் இல்லத்தில் வைக்கப்பட்டுள்ளது. இன்று மாலை நான்கு மணிக்கு..."

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவை, கையில் வாளியோடு வந்த ஒரு கிழவர் அரிப்பு ஊரின் நடுவீதியில் மறித்தார்.

"ஆர் தம்பி செத்தது?"

"அரிப்பு சவிரியான்."

"அது நான்தான்."

ஓட்டோவை ஓட்டிவந்த எமிலியானுஸ் அறிவித்தலை நிறுத்தினான். ஒரு கையில் மைக், மறு கையில் ஓட்டோ, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். போனில் மனைவி நிறஞ்சலா தண்ணீர் மோட்டர் எரிந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறிவித்தல் எழுதிய துண்டைக் குனிந்து பார்ப்பதற்குள் கடற்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிழை யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், இதே மைக்கில், இதே மனைவியோடு கதைத்தபடி, "அன்னார் மூன்று பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் இரண்டு கிலோ வெங்காயமும் ஆவார்" என்று ஊரெல்லாம் வாசித்தவன் அவன். அன்றிலிருந்து மன்னாரில் யார் செத்தாலும் மற்ற அறிவிப்பாளர் மர்சூக்கைத்தான் கூப்பிட்டார்கள். எமிலியானுஸின் ஓட்டோ சும்மா நின்றது.

இன்று காலை லெம்பேட்டின் மனைவி எடித் தானாகவே அவனைக் கூப்பிட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு துண்டு கொடுத்தாள்.

"இது மன்னார்த் தீவுக்கு. இது அரிப்புக்கு. மாத்திப்போடாத தம்பி. இவற்ற தமையன் பெட்டி மூட முன்னம் வந்து முகம் பாக்கவேணும். சாகேக்க இவர் கேட்டது அது ஒண்டுதான்."

"ஓம் அக்கா, ஓம்" என்றான் எமிலியானுஸ். அப்போதும் போனில்தான் இருந்தான்.

இப்போது அந்தத் தமையனையே சாகடித்துவிட்டு அவர் முன்னால் நின்றான்.

"பிழையா வாசிச்சுப்போட்டன் ஐயா. செத்தது உங்கட தம்பி."

வாளியில் தண்ணீர் தளும்பியது. கிழவர் அதைக் கீழே வைத்தார்.

"பத்தொன்பது வருசமா அவன் எனக்குச் செத்தவன்தான்" என்றார். கரையில் வலை இழுக்கும் இடம், அந்தக் கரைவலைப் பாடு, யாருக்கு என்று தொடங்கிய சண்டை அது. "அந்தப் படலை மிதிக்கமாட்டன் எண்டு கோயில் வாசலில சத்தியம் செய்தனான். செத்தவீடு எண்டாலும் வரமாட்டன். போய்ச் சொல்லு."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி இரண்டு.

முதலில் ஊருக்குத் திருத்தம் சொல்ல வேண்டும். எமிலியானுஸ் மைக்கை எடுத்தான்.

"ஒரு திருத்தம். சவிரியான் அவர்களின் உடல் ஓலைத்தொடுவாயில் இல்லை. அரிப்பில், அவரது சொந்த இல்லத்திலேயே..."

போன் அடித்தது. மோட்டர் திருத்துகிறவன் வந்து நிற்கிறானாம். எமிலியானுஸ் அவனோடு கதைத்து முடித்தபோது, திருத்தத்தில் மீதி என்ன என்பது மறந்துபோயிருந்தது.

கால் மணித்தியாலத்தில், செத்தவீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடும் மீராசாஹிபு தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் சனம் இருக்க ஐம்பது கதிரைகளை ஏற்றிவந்து சவிரியான் வீட்டு முற்றத்தில் இறக்கினார்.

"நல்ல மனுசன்" என்றார் மீராசாஹிபு, மூக்கை உறிஞ்சியபடி.

"நானா, அவர் சாகேல்ல. உள்ள இருக்கிறார்."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு தம்பி. மனசு நம்புதில்ல."

எமிலியானுஸ் மறுபடி மைக்கைப் பிடித்தான். மோட்டருக்குச் செப்புக் கம்பியா அலுமினியமா என்று நிறஞ்சலா கேட்டாள். பந்தாட்டப் போட்டிகளுக்கும் அவன்தான் அறிவிப்பாளன். வாய் தன்பாட்டில் பழகிய பாதையில் போயிற்று.

"தவிர்க்க முடியாத காரணங்களால் சவிரியான் அவர்களின் மரணம் பிற்போடப்பட்டுள்ளது."

பெண்கள் ஒப்பாரியோடு படலைக்குள் நுழைந்தார்கள். கோயிலில் துக்க மணி ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. கதவு திறந்தது. தன் சாவுக்கு வந்த சனத்தைக் கிழவர் ஒருமுறை பார்த்தார். முன்னால் நின்ற ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

"என்ர பிரேதம் அவன்ர வீட்டில கிடக்கெண்டு சொன்னனி, என்ன?" கிழவர் எமிலியானுஸின் சட்டையைப் பிடித்தார். "அவள் எடித்திட்ட நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கவேணும். எடு ஓட்டோவை."

வழி முழுக்க அவர் திட்டிக்கொண்டே வந்தார். போன் ஏழு தடவை அடித்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக எமிலியானுஸ் அதை எடுக்கவில்லை. இனித் தன் மைக்குக்கும் இன்றோடு செத்தவீடுதான் என்று நினைத்துக்கொண்டான்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. லெம்பேட்டின் வீட்டில் பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கி நின்றார்கள்.

"உயிரோட இருக்கிறவனை..." என்று கத்திக்கொண்டு சவிரியான் படலையைத் தள்ளி உள்ளே போனார். பெட்டியைக் கண்டதும் குரல் பாதியில் நின்றது.

கிட்டப் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"எப்பயிருந்து இவன் இப்பிடி மெலிஞ்சவன்?" என்று கேட்டார். தம்பியின் கால்மாட்டில் நிலத்திலேயே இருந்து, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அதைச் சுவரில் சாத்தினார்கள்.

எமிலியானுஸ் வெளியே நழுவினான். லெம்பேட்டின் மகள் டினோஜா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்தாள்.

"தங்கச்சி, அம்மாட்டச் சொல்லு, மன்னிக்கச் சொல்லி. போனும் மைக்குமா நிண்டு பேரை மாத்தி வாசிச்சுப்போட்டன்."

"நீங்கள் மாத்தி வாசிக்கேல்ல அண்ணை. அரிப்புத் துண்டில அம்மா பெரியப்பான்ர பேரைத்தான் எழுதினவ. அவர் செத்தவீட்டுக்கு வரமாட்டார், சண்டைக்கு வருவார்."

"அப்ப நான் சரியாத்தான் வாசிச்சனானா?"

"மர்சூக் நானாட்டத்தான் முதல் குடுத்தது" என்று கோப்பையை அவன் கையில் வைத்தாள் டினோஜா. "அவர் வாசிச்சுப் பாத்திட்டு, பேர் பிழையெண்டு திருப்பித் தந்திட்டார். அதுக்குப் பிறகுதான் அம்மா உங்களைக் கூப்பிடச் சொன்னவ."